குருதி கூறும் சாட்சி

கரூரிலிருந்து கோயம்புத்தூருக்குச் செல்லும் பெருவழியில், காங்கேயத்துக்குக் கிழக்கே அமைந்துள்ளது வெள்ளகோவில். வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓடுகின்றன. எனினும் இடைப்பட்ட இந்த மேட்டு நிலம் மழை குறைந்த நிலம். பரம்பிக்குளம்-ஆழியாறு கால்வாய் நீர் இவ்வூர்ப் பக்கம் வந்து சேரும்போது அது கடைமடை நீராகிவிடுகிறது. விசைத்தறிகளின் ஓசையும், எண்ணெய் ஆலைகளின் மணமும், முருங்கைக்காய்ச் சந்தையின் ஆரவாரமும் இவ்வூரின் உழைப்பைப் பறைசாற்றும். நீரின் அருமையை இவ்வூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் அரிதாகும் இடங்களிலெல்லாம், குடத்திலும் தொட்டியிலும் நீரைத் தேக்கி வைத்துப் பலரும் மொண்டு குடிக்கும் வழக்கம் உண்டாகிறது. அந்த நீரின் வழியே உடலுள் புகும் நோய்களுள் முதன்மையான ஒன்று, டைபாய்டு என்று நாம் வழங்கும் குடற்காய்ச்சல்.

தறியில் வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நெய்த அளவுக்கே கூலி. படுத்த நாளுக்குக் கூலி இல்லை. எனவே நாளைக்கே காய்ச்சல் இறங்க வேண்டும் என்று அவர் விரும்புவது இயல்பே. மருந்துக் கடைக்குச் சென்று இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறார். சற்றே தெளிவு பிறந்ததும் தறிக்குத் திரும்புகிறார். இது எந்தக் காய்ச்சல், இதற்கு எந்த மருந்து, அதை எத்தனை நாள் உண்ண வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை கிடைப்பதில்லை. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேல் முயன்றுள்ளது. அந்த முயற்சியின் வரலாற்றையே இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முற்காலத்தில் காய்ச்சல்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிவது அரிதாக இருந்தது. நம் நாட்டில் சுரத்தோடு பிதற்றலும் சேர்ந்தால் 'சன்னி கண்டுவிட்டது' என்றனர். மேலை நாட்டிலும் இதே மயக்கம் நிலவியது. பேனால் பரவும் டைபஸ் என்னும் காய்ச்சலும் இதுவும் ஒன்றென எண்ணினர். டைபாய்டு என்னும் பெயருக்கே 'டைபஸ் போன்றது' என்பதுதான் பொருள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்கள், இந்நோயில் சிறுகுடலில் புண்கள் தோன்றுவதைக் கண்டு, இது வேறொரு நோய் என்று தெளிந்தனர். வில்லியம் பட் என்னும் ஆங்கில மருத்துவர், நோயாளியின் மலத்திலிருந்து நோய்ப்பொருள் நீரில் கலந்து பிறரைப் பற்றுகிறது என்று வாதிட்டு, 1873-ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். அப்போது கிருமியை எவரும் கண்டிருக்கவில்லை. 1880-ல் ஜெர்மானியரான எபெர்த் அதனை நுண்பெருக்கியில் கண்டார். 1884-ல் காஃப்கி அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

கிருமியைக் கண்டாயிற்று. ஆனால் உயிரோடு படுத்திருக்கும் ஒருவரின் உடலில் அது இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு விடை 1896-ஆம் ஆண்டில் கிடைத்தது. வியன்னாவில் குரூபரும் அவருடைய மாணவர் டர்ஹாமும், நோய்க்கிருமிக்கு ஆளான உடலின் குருதிநீர் அக்கிருமிகளைத் திரளச் செய்கிறது என்று கண்டனர். பாரிஸ் நகரில் ஃபெர்னாண்ட் விடால் என்பவர், இதனையே நோயறியும் வழியாக்கினார். நோயாளியின் குருதியிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்தெடுத்து, குடற்காய்ச்சல் கிருமிகளோடு கலந்தார். சிதறிக் கிடந்த கிருமிகள் கொத்துக் கொத்தாகத் திரண்டன. இன்றும் நம் ஊர்ச் சோதனைச்சாலைகளில் 'விடால் டெஸ்ட்' என்று எழுதித் தருவது இவர் பெயராலேதான்.

இந்தத் திரட்சிக்குக் காரணம் என்ன? அயலான ஒரு பொருள் உள்ளே புகுந்தால், நம் உடல் அதற்கென்றே பொருந்திய எதிர்ப்பொருள்களை ஆக்குகிறது. குடற்காய்ச்சல் கிருமியின் உடற்பரப்பிலுள்ள 'ஓ' என்னும் பொருளுக்கு ஒரு வகை எதிர்ப்பொருளும், அது நீந்துவதற்குத் துணையான இழைகளில் உள்ள 'எச்' என்னும் பொருளுக்கு மற்றொரு வகையும் தோன்றுகின்றன. குருதிநீரை இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு, எண்பதில் ஒரு பங்கு என நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை திரட்சி தோன்றுகிறது என்று பார்ப்பர். உடலின் எதிர்ப்பாற்றலை எண்ணால் அளக்கும் முயற்சிகளுள் இது தொன்மையான ஒன்று.

ஆயினும் இந்தச் சாட்சியை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளுதல் தகாது. கொங்கு நாட்டு மாட்டுச் சந்தையில் ஒரு காளையின்மேல் சூட்டுக்குறி இருந்தால், அது எந்தப் பட்டியைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அந்தச் சூட்டை எந்த ஆண்டில் இட்டார்கள் என்று சொல்ல முடியுமா? எதிர்ப்பொருளும் அத்தகையதே. சென்ற ஆண்டு வந்துபோன நோயாலோ, இட்டுக்கொண்ட தடுப்பூசியாலோ, இனமொத்த வேறொரு கிருமியாலோ அது குருதியில் தங்கியிருக்கலாம். குடற்காய்ச்சல் நிலையாக உலவும் நம் நாட்டில், நலமாக நடமாடுவோர் குருதியிலும் ஓரளவு எதிர்ப்பொருள் உண்டு. மாறாக, நோய் தொடங்கிய முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு தோன்றியிராது. எனவேதான் ஒரே ஒரு சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்றும், ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து மீண்டும் குருதி எடுத்து, அளவு நான்கு மடங்காக உயர்ந்துள்ளதா என்று நோக்க வேண்டும் என்றும் பாடநூல்கள் வற்புறுத்துகின்றன. நடைமுறையிலோ, இரண்டாம் முறை குருதி கொடுக்க வருவோர் மிகச் சிலரே.

இதனினும் உறுதியான சான்று கிருமியையே நேரில் பிடிப்பதாகும். நோயாளியின் குருதியை ஊட்டநீரில் இட்டு வளர்த்துப் பார்ப்பதே அம்முறை. ஆனால் குடற்காய்ச்சலில் ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ ஒரு கிருமியே காணப்படும் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அதனால் உண்மையான நோயாளிகளுள்ளும் பாதிப் பேரிடமே இச்சோதனையில் கிருமி அகப்படுகிறது. சோதனைக்கு முன்னே மருந்து உண்டுவிட்டால், அகப்படும் வாய்ப்பு மேலும் குறைகிறது. அவசரமாக விழுங்கிய மாத்திரை, நோயை முற்றும் நீக்காமல், நோயின் தடத்தை மட்டும் அழித்துவிடுவது இவ்வாறுதான்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம்: எந்த மருந்து? 1948-ஆம் ஆண்டு வரை இந்நோய்க்கு மருந்தே இல்லை எனலாம். கஞ்சியும் ஈரத்துணியும் தாயின் கண்விழிப்புமே மருந்தாக இருந்தன. காய்ச்சல் மூன்று நான்கு வாரம் நீடிக்கும். நோயுற்றோரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறந்தனர். மூன்றாம் வாரத்தில் குடலில் துளை விழுவதும் குருதி பெருகுவதும் பேரச்சம் தருவனவாக இருந்தன.

1947-ல் அமெரிக்க அறிஞர்கள், தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, குளோராம்பெனிக்கால் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்திருந்தனர். மறு ஆண்டில் ஜோசப் ஸ்மாடெல், தியோடர் உட்வர்டு முதலியோர் அதனை எடுத்துக்கொண்டு மலேயாவின் கோலாலம்பூர் நகருக்கு வந்தனர். நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் தோட்டத் தொழிலாளராய்ச் சென்று குடியேறிய நாடு அது. புதர்க்காடுகளில் உண்ணியினப் பூச்சியால் பரவும் புதர் டைபஸ் காய்ச்சலுக்கு இம்மருந்து உதவுமா என்று சோதிப்பதே அவர்கள் நோக்கம். அந்நோய் என்று கருதி மருந்தளிக்கப்பட்ட ஒருவருக்கு, உண்மையில் இருந்தது குடற்காய்ச்சல் என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் அவர் தேறிக்கொண்டிருந்தார்! இதைக் கண்ட உட்வர்டு குழுவினர், குடற்காய்ச்சலுற்ற பத்துப் பேருக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். வாரக்கணக்கில் நீடிக்க வேண்டிய காய்ச்சல், மூன்று நான்கு நாட்களில் தணிந்தது. 1948-ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அம்மருந்தை மண்ணுயிரின் துணையின்றி வேதியியல் முறையில் ஆக்கும் வழியும் கண்டறியப்பட்டது.

ஆனால் அந்த வெற்றியின் நடுவே ஒரு புதிர் தோன்றியது. காய்ச்சல் இறங்கி, மருந்தை நிறுத்திய சிலருக்கு, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் திரும்பி வந்தது. மருந்தே இல்லாத காலத்தில் திரும்பியதைவிட மிகுதியானவர்களுக்கு அது திரும்பியது. இங்கேதான் நம் மூன்றாம் கேள்வி பிறக்கிறது: மருந்தை எத்தனை நாள் உண்ண வேண்டும்?

குடற்காய்ச்சல் கிருமி குருதியில் திரியும் கிருமி என்பதைவிட, ஒளிந்து வாழும் கிருமி என்பதே பொருந்தும். குடற்சுவரைத் துளைத்து உள்ளே சென்றதும், கிருமிகளை விழுங்கிச் செரிக்க வேண்டிய பெருவிழுங்கணுக்களுக்குள்ளேயே அது குடியேறுகிறது. அவ்வணுக்களோடு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் எலும்பு மச்சைக்கும் செல்கிறது. காவற்காரனின் வீட்டிலேயே கள்வன் பதுங்கியிருப்பதை ஒக்கும் இது. குளோராம்பெனிக்கால் அணுவுக்குள் நுழையவல்லது; ஆனால் கிருமி பெருகுவதை அது தடுக்கிறதேயன்றி, பெரும்பாலும் கொல்வதில்லை. எஞ்சிய கிருமிகளை அழிக்கும் பொறுப்பு உடலின் எதிர்ப்பாற்றலைச் சேர்ந்தது. 'டி' அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள், காமா இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரந்து பெருவிழுங்கணுவை ஊக்கினால்தான், அது தன்னுள்ளே பதுங்கிய கிருமியை அழிக்கிறது. இந்த எதிர்ப்பு வலுப்பெறுவதற்கு முன்பே மருந்தால் காய்ச்சல் தணிந்து, உடனே மருந்தும் நிறுத்தப்பட்டால், பதுங்கிய கிருமி மீண்டும் எழுகிறது. இதை உணர்ந்தே மருத்துவர்கள் குளோராம்பெனிக்காலை இரண்டு வாரம் வரை கொடுக்கலாயினர். இன்றைய மருந்துகளுக்கு நாட்கணக்கு வேறுபடலாம். ஆயினும் காய்ச்சல் இறங்கிய நாளும் மருந்து முடியும் நாளும் ஒன்றல்ல என்ற உண்மை மாறவில்லை. தக்க மருந்து கொடுத்தபோதும் காய்ச்சல் முற்றும் இறங்க நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆவதுண்டு. அதற்குள் மருந்து பயனற்றது என்று முடிவு கட்டி, வேறொன்றுக்குத் தாவுவதும் பிழையே.

அவ்வாறாயின், மருந்து வேலை செய்கிறதா என்பதை உடற்சூடு ஒன்றால்தான் அறிய வேண்டுமா? குருதியிலேயே வேறு அடையாளங்கள் உண்டு. ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணு வகை, குடற்காய்ச்சலின் கடுமையில் குருதியிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிடும். நோயாளி தேறும்போது மீண்டும் தலைகாட்டும். அழற்சியின்போது கல்லீரல் ஆக்கும் சி-ரியாக்டிவ் புரதம் நோயில் உயர்ந்து, மருந்து பயன்தரும்போது தாழ்கிறது. இன்டர்லூகின்-6 போன்ற தூதுப்பொருள்களும் இவ்வாறே ஏறி இறங்குவதை ஆய்வாளர் அளந்து வருகின்றனர். எனினும் இவை பல நோய்களுக்கும் பொதுவான அடையாளங்கள். நெருப்பு எரிகிறது என்று சொல்லுமேயன்றி, அதை மூட்டியவர் யார் என்று சொல்லமாட்டா. ஆகவே இவற்றைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி, அதற்கு மாற்றாகக் கொள்ளுதல் இயலாது.

இனி, மருந்தின் வலிமை குன்றிய கதையைக் காண்போம். வெள்ளகோவிலிலிருந்து மேற்கே, காங்கேயமும் கோவையும் கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியே சென்றால், மலையாளக் கரையில் கோழிக்கோடு நகரை அடையலாம். அங்கே 1972-ஆம் ஆண்டில் குடற்காய்ச்சல் பரவியபோது, ஏறத்தாழ கால் நூற்றாண்டாகக் கைகொடுத்து வந்த குளோராம்பெனிக்கால் பயனற்றுப் போவதை மருத்துவர்கள் கண்டனர். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் பணிக்கரும் விமலாவும் அக்கிருமிகளை ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மருந்தை வெல்லும் ஆற்றலை, அக்கிருமி தன்னோடு வைத்துக்கொள்ளாமல், குடலில் வாழும் வேறு கிருமிகளுக்கும் கைமாற்றித் தரவல்லது என்பதே அம்முடிவு. இப்பணிக்கரே, அனந்தநாராயணன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நுண்ணுயிரியல் பாடநூலால், நம் நாட்டு மருத்துவ மாணவர் பலருக்கும் ஆசிரியரானவர்.

கிருமிகளுக்குள்ளே பிளாஸ்மிடு என்னும் சிறு வளையங்கள் உண்டு. மருந்தை முறியடிக்கும் செய்தி அவற்றில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிருமி மற்றொரு கிருமியைத் தொட்டு, அவ்வளையத்தின் படியை அதற்குக் கொடுத்துவிடுகிறது. கோழிக்கோட்டில் நோய் பரவிய அதே 1972-ல், உலகின் மறுபுறமுள்ள மெக்சிகோ நாட்டிலும் குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத குடற்காய்ச்சல் பரவி, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது.

பின்னர் நடந்தவை விரைவாகவே நடந்தன. ஆம்பிசிலினும் கோ-டிரைமாக்சசோலும் குளோராம்பெனிக்காலின் இடத்துக்கு வந்தன. 1980-களின் இறுதியில் இம்மூன்றையும் ஒருங்கே வெல்லும் கிருமி நம் நாட்டில் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1990-ல் 'லான்செட்' இதழில் இதனைக் குறித்து எழுதினர். அடுத்து சிப்ரோஃபிளாக்சசின் வந்தது. பத்தாண்டுக்குள் அதன் ஆற்றலும் தளர்ந்தது. இன்று நாம் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் செஃபிக்சிம், அசித்ரோமைசின் மாத்திரைகளையும் நம்பியிருக்கிறோம். 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்து ஹைதராபாத்தில், செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட ஐந்து வகை மருந்துகளையும் வெல்லும் கிருமி தோன்றியது. கோழிக்கோட்டில் கண்ட அதே கைமாற்றம்தான் அங்கும் நிகழ்ந்தது. இம்முறை மற்றொரு குடற்கிருமியிடமிருந்து வளையத்தைப் பெற்றது குடற்காய்ச்சல் கிருமி. அதன்பின் வாய்வழி உண்ணத்தக்க மருந்தாக அந்நோயாளிகளுக்கு அசித்ரோமைசின் ஒன்றே எஞ்சியது.

இவ்வரலாற்றில் ஆறுதல் தரும் ஒரு செய்தியும் உண்டு. குளோராம்பெனிக்காலை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்ட பின்னர், நம் நாட்டுக் குடற்காய்ச்சல் கிருமிகளுள் பெரும்பாலானவை மீண்டும் அதற்குக் கட்டுப்படுவனவாக மாறியிருப்பதைச் சோதனைகள் காட்டின. பயன்படுத்தாத மருந்தை எதிர்க்கும் ஆற்றலைச் சுமந்து திரிவது கிருமிக்குப் பாரமே. நாம் மருந்தை அளவறிந்து வழங்கினால், இழந்த மருந்தும் ஓரளவு மீளக்கூடும் என்பதற்கு இது சான்று. சில மருந்துகளை விற்கும்போது, எழுதித் தந்த மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் குறித்துவைக்க வேண்டும் என்னும் 'எச்-1' விதியை இந்திய அரசு 2013-ல் வகுத்தது இக்கருத்தினாலேயே. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. சீட்டின்றி மருந்து கேளாத மக்களும் வேண்டும்.

நோயே வராமல் தடுக்க இருவழிகள் உள. ஒன்று தடுப்பூசி. ஆல்ம்ரோத் ரைட் என்பவர் 1896-ல் முதல் தடுப்பூசியை ஆக்கி, 1898-ல் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைவீரர் நாலாயிரம் பேருக்கு இட்டார். இன்றைய தடுப்பூசியோ நம் நாட்டின் ஹைதராபாத் நகரில் ஆக்கப்பட்டது. கிருமியின் மேலுறையான 'வி.ஐ.' என்னும் பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செய்த இவ்வூசியை, ஆறு மாதக் குழந்தைக்கும் ஒரே தவணையாக இடலாம். நேபாளம், வங்காளதேசம், மலாவி ஆகிய நாடுகளில் நடந்த சோதனைகளில், நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது அளவுக்கு இது நோயைத் தடுத்தது. இதன் தேவையை நம் நாட்டு ஆய்வே காட்டுகிறது. 2017 முதல் 2020 வரை வேலூர், டில்லி, கொல்கத்தா, புனே ஆகிய இடங்களில் குழந்தைகளைக் கண்காணித்தபோது, நகர்ப்பகுதிகளில் இலட்சம் குழந்தைகளுக்கு ஆண்டொன்றுக்கு 576 முதல் 1173 பேர் வரை குடற்காய்ச்சலுக்கு ஆளாவது குருதி வளர்ப்புச் சோதனையால் உறுதியாயிற்று. அப்போது ஆராயப்பெற்ற புனே மாவட்டச் சிற்றூர்ப் பகுதியிலோ அது 35 பேரே. நெருங்கி வாழும் ஊர்களில் நீரும் கழிவும் கலப்பதன் விளைவு இது.

மற்றொரு வழி தூய நீர். மேலை நாட்டு நகரங்களில் நீரை வடிகட்டியும் குளோரின் கலந்தும் வழங்கத் தொடங்கியதுமே இந்நோய் பெரிதும் குறைந்தது. குளோராம்பெனிக்கால் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது அது. நம் சென்னையிலும் 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. மருந்தைக் கிருமி வெல்லக்கூடும். ஆனால் கொதித்த நீரையும் குளோரின் கலந்த நீரையும் வெல்லும் வழியைக் கிருமி இன்றுவரை கற்கவில்லை.

மாணவ நண்பர்களே! இச்செய்திகளை உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காணச் செய்யுங்கள். மருந்து உண்ணுமுன் குருதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப இயலுமா என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். காய்ச்சல் தணிந்த பின்னும், அவர் குறித்த நாள் வரை மாத்திரையை நிறுத்தலாகாது. வீட்டுத் தொட்டியை மூடி வையுங்கள். நீரைக் காய்ச்சிப் பருகுங்கள். உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். தறி நிற்கும் ஒரு நாளின் கூலி பெரிதுதான். ஆனால் அரைகுறை மருந்தால் திரும்பி வரும் காய்ச்சல் பறிப்பது பல வாரக் கூலியை. அதனால் வலிமை பெறும் கிருமி பறிப்பது, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நாளை பயன்பட வேண்டிய மருந்தை.